சர்வகலாசாலையும் பக்கத்துக் கம்பெனியும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு நாள் சங்க ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்யும் தோழர் ஒருவர் சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கடன் வாங்கிப் பையனை சர்க்கார் இஞ்சினீயரிங் காலேஜில் படிக்க வைத்திருப்பவர். "அண்ணே, பையன் காலேஜில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து ஆராய்ச்சிக் கூடம் கட்டித் தருகிறார்களாம். வாத்தியார்களும் கம்பெனியும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வார்களாம். பையனும் அதிலே சேருகிறேன் என்கிறான். இது நல்லதா, கெட்டதா? சுருக்கமாகச் சொல்லுங்கள், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது" என்றார்.

சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் சிரித்தார். "இதெல்லாம் படித்தவன் சமாசாரம், மில்காரன் சமாசாரம். வயலில் நாற்றுப் பறிக்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்றார். அந்தத் தோழரும் இன்று இங்கே வந்திருக்கிறார். அவருக்கு உள்ள பங்கைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். அது தக்காளிச் சமாசாரம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். டிரான்சிஸ்டருக்குள் என்ன ஓடுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நிலம் யாருடையது, பணம் யார் போட்டது, வேலை செய்தது யார், லாபம் எங்கே போனது என்ற கணக்கைப் பார்க்கத் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சர்வகலாசாலையும் கம்பெனியும் கூட்டுச் சேருவது என்றால் உலகம் பூராவும் ஒரே ஊரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இருக்கும் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை. சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. 2010-இல் ஆராய்ச்சிப் பூங்கா திறந்ததே, அதற்கும் முன்மாதிரி அந்த மாதிரி இடங்கள்தான். ஆகவே மூலக்கதையைத் தெரிந்து கொள்வோம்.

லீலண்ட் ஸ்டான்போர்டு என்பவர் ரயில்வே முதலாளி. கலிபோர்னியாவின் கவர்னராகவும் இருந்தவர். அவருடைய சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையை மலையைக் குடைந்து போட்டவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளிகள். வெள்ளைத் தொழிலாளிக்குக் கொடுத்ததைவிட அவர்களுக்குக் கூலி குறைவு. 1867 ஜூனில் அந்தச் சீனத் தொழிலாளிகள் சம கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். மலைமேல் இருந்த கொட்டகைகளுக்குப் போகும் உணவை நிறுத்தி அந்த வேலை நிறுத்தத்தை உடைத்தார்கள். அப்படிச் சேர்ந்த சொத்திலிருந்து, இறந்துபோன மகன் ஞாபகார்த்தமாக, 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தோடு அந்தத் தம்பதிகள் ஒரு சர்வகலாசாலையை நிறுவினார்கள். 1891-இல் அது திறக்கப்பட்டது. நிலத்தை விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். இந்த நிபந்தனையை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

சர்வகலாசாலையைச் சுற்றி இருந்த சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் பழத்தோட்டப் பூமி. பிளம், ஏப்ரிகாட், செர்ரி மரங்கள். பழத்தை டப்பாவில் அடைக்கும் பாக்டரிகள். அங்கே மின்சார இஞ்சினீயரிங் கற்பித்த பிரெடரிக் டெர்மன் என்ற பேராசிரியருக்கு ஒரு குறை. தான் படிக்க வைத்த பையன்கள் வேலை தேடி நாட்டின் கிழக்குக் கரைக்குப் போய்விடுகிறார்கள். உள்ளூரிலேயே தொழில் தொடங்குங்கள் என்று அவர்களைத் தூண்டிக்கொண்டே இருந்தார்.

ஹ்யூலெட், பேக்கர்ட் என்று இரண்டு மாணவர்கள். 1939-இல் பாலோ ஆல்டோ ஊரில் ஒரு கார் கொட்டகையில் 538 டாலர் முதலோடு கம்பெனி தொடங்கினார்கள். ஹ்யூலெட் படிக்கும்போது செய்த ஆராய்ச்சிதான் முதல் சரக்கு. ஒலி அலைகளைச் சோதிக்கும் ஒரு கருவி. அதில் ஒரு சின்ன மின்சார பல்பை வைத்து அலையைச் சீராக்கும் தந்திரம் செய்திருந்தார். அதனால் கருவி மலிவாக வந்தது. வால்ட் டிஸ்னி சினிமாக் கம்பெனி எட்டுக் கருவிகளை வாங்கியது. இவ்வளவு தூரம் இது நல்ல கதைதான். புத்திசாலி வாத்தியார், கெட்டிக்காரப் பையன்கள். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு கதை. ரஸ்ஸல் வேரியன், சிகர்டு வேரியன் என்று இரண்டு சகோதரர்கள். ஒருவர் விஞ்ஞானி, மற்றவர் விமான பைலட். சர்வகலாசாலை இவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. ஆராய்ச்சிக் கூடத்தை உபயோகித்துக் கொள்ளுங்கள், சாமான் வாங்க 100 டாலர் தருகிறோம், கண்டுபிடிப்பில் வரும் வருமானத்தில் பாதி எங்களுக்கு என்று ஒப்பந்தம். 1937-இல் அவர்கள் கிளைஸ்ட்ரான் என்ற குழாயைச் செய்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் ராடார் கருவிகளுக்கு அது பயன்பட்டது. சர்வகலாசாலை போட்ட 100 டாலர் என்னவாக விளைந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்தபின் டெர்மன் இஞ்சினீயரிங் பகுதிக்குத் தலைவராக வந்தார். யுத்த காலத்தில் அவர் ஹார்வார்டில் எதிரியின் ராடாரைக் குழப்பும் ரகசிய ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தியவர். சர்க்கார் பணம், குறிப்பாக ராணுவப் பணம், ஆராய்ச்சியில் எப்படிக் கொட்டுகிறது என்பதைப் பார்த்துவிட்டு வந்தவர். கொரிய யுத்தமும் சோவியத் நாட்டோடு ஆயுதப் போட்டியும் நடந்த காலத்தில் ஸ்டான்போர்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சிக்கு வந்த பணத்தில் பெரும் பங்கு ராணுவப் பணம். சொந்தச் சாமர்த்தியத்தால், சர்க்கார் தலையிடாமல், சுதந்திரமாக வளர்ந்த பள்ளத்தாக்கு என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அவர்கள் இந்த இடத்தில் மட்டும் பக்கத்தைப் புரட்டி விடுகிறார்கள்.

விற்கக் கூடாத நிலம் என்று சொன்னேன் அல்லவா? விற்கக் கூடாது, குத்தகைக்கு விடலாம். 1951-இல் அந்த நிலத்தில் ஒரு பகுதியைத் தொழிற்பேட்டையாக்கினார்கள். புகைபோக்கி வைத்த ஆலைகளுக்கு அங்கே இடமில்லை. ஆராய்ச்சியோடு தொடர்புள்ள கம்பெனிகளுக்கு மட்டும் நீண்ட காலக் குத்தகை. முதலில் வந்தது வேரியன் சகோதரர்களின் கம்பெனி. பின்னால் ஹ்யூலெட்-பேக்கர்ட், லாக்ஹீட், இன்னும் பலர். 1954-இல் இன்னொரு ஏற்பாடு. கம்பெனியில் வேலை செய்துகொண்டே இஞ்சினீயர்கள் சர்வகலாசாலையில் மேல்படிப்புப் படிக்கலாம். கம்பெனி அவர்களுடைய பீஸைக் கட்டி, அதே அளவு தொகையைச் சர்வகலாசாலைக்கும் தர வேண்டும். வாத்தியார் கம்பெனிக்கு ஆலோசகர், கம்பெனிக்காரர் மாணவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் இல்லை.

1956-இல் ஷாக்லி என்ற விஞ்ஞானி பக்கத்து மவுண்டன் வியூவில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் கம்பெனி தொடங்கினார். அவரோடு ஒத்துப் போகாமல் 1957-இல் எட்டுப் பேர் வெளியேறி பேர்சைல்டு செமிகண்டக்டர் கம்பெனியை அமைத்தார்கள். அதிலிருந்து பிரிந்தவர்கள்தான் 1968-இல் இன்டெல் தொடங்கினார்கள். பேரன், கொள்ளுப்பேரன் என்று கம்பெனிகள் பெருகின. பிளம் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிடம் கட்டினார்கள். 1971-இல் ஒரு பத்திரிகையாளர் அந்தப் பிரதேசத்தைச் 'சிலிக்கான் பள்ளத்தாக்கு' என்று எழுதினார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சிலிக்கான் சில்லுகளை ஆரம்பத்தில் வாங்கியவர்களில் பெரியவர்கள் யார்? ஏவுகணை செய்யும் ராணுவமும் சந்திரனுக்கு ஆளனுப்பிய விண்வெளி இலாகாவும்தான். விலை என்னவானாலும் வாங்கக்கூடிய அந்த வாடிக்கைக்காரர் இருந்ததால்தான் சில்லு செய்யும் வித்தை கைக்கு வந்து, விலையும் இறங்கியது.

இதில் தொழிலாளி எங்கே என்று கேட்பீர்கள். இருந்தார். சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்து முடி போன்ற கம்பிகளை ஒட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். சங்கம் வைக்க அந்தக் கம்பெனிகள் இடம் கொடுக்கவில்லை. 1963-இலேயே பேர்சைல்டு கம்பெனி அந்தக் கம்பி ஒட்டும் வேலையை ஹாங்காங்குக்குக் கொண்டுபோய்விட்டது. அமெரிக்கக் கூலியில் ஒரு சிறு பங்குதான் அங்கே கூலி. ஆராய்ச்சி சர்வகலாசாலைக்குப் பக்கத்தில், கை வேலை சமுத்திரத்துக்கு அப்பால்!

புகைபோக்கி இல்லாத சுத்தமான தொழில் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். சில்லுகளைக் கழுவும் ரசாயனத் திரவத்தைத் தரைக்கு அடியில் தொட்டிகளில் வைத்தார்கள். 1981 கடைசியில் சான் ஹோசே நகரின் தென்பகுதியில் இருந்த பேர்சைல்டு பாக்டரியின் தொட்டி ஒழுகிக் குடிதண்ணீர்க் கிணறு வரையில் போய்விட்டது தெரிய வந்தது. தேடத் தேட இன்னும் பல இடங்கள் அகப்பட்டன. அமெரிக்க சர்க்கார் விஷம் பரவிய நிலங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சாண்டா கிளாரா ஜில்லாவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட இடங்கள். அந்த நாட்டில் வேறு எந்த ஜில்லாவுக்கும் அத்தனை இல்லை. நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு தோழர் கையைத் தூக்குகிறார். "அப்படியானால் இந்தக் கூட்டே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கிறார். பொறுங்கள். ராடாருக்குச் செய்த அந்தக் கிளைஸ்ட்ரான் குழாயை வைத்தே, ஸ்டான்போர்டில் எட்வர்ட் கின்ஸ்டன் என்ற விஞ்ஞானியும் ஹென்றி காப்லான் என்ற டாக்டரும் சேர்ந்து புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்தியம் செய்யும் யந்திரத்தை அமைத்தார்கள். 1956-இல் அவர்கள் முதலில் வைத்தியம் செய்தது கண்ணில் கட்டி வந்த ஒரு சின்னக் குழந்தைக்கு. குழந்தையின் பார்வை பிழைத்தது. அதன் பிறகு வேரியன் கம்பெனி அந்த ரக யந்திரங்களை ஏராளமாகச் செய்து விற்றது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் அவை இருக்கின்றன. நம் சங்கத்துத் தோழர்களின் குடும்பங்களில் கதிர்வீச்சு வைத்தியம் பெற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. டாக்டரும் இஞ்சினீயரும் கம்பெனியும் ஒரே ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த யந்திரம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

சரி, தக்காளிக்கு வருகிறேன். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

அதே கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் மாகாண சர்க்காரின் சர்வகலாசாலை ஒன்று இருக்கிறது. விவசாய ஆராய்ச்சிக்குப் பேர்போனது. ஸ்டான்போர்டு மாதிரி அது முதலாளி கொடுத்த சொத்தல்ல. ஜனங்களின் வரிப் பணம். 1862-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். மாகாணங்களுக்கு சர்க்கார் நிலம் கொடுத்து, விவசாயமும் யந்திரத் தொழிலும் சொல்லித் தரும் காலேஜ்கள் கட்டச் செய்தார்கள். உழைக்கும் வர்க்கங்களின் கல்விக்காக என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1887-இல் இன்னொரு சட்டத்தின் மூலம் விவசாய ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கினார்கள்.

கலிபோர்னியாவில் தக்காளியைப் பெரிய அளவில் பயிரிடுகிறார்கள். சாஸ், ரசம் என்று டப்பாவில் அடைப்பதற்கு. 1942 முதல் 1964 வரை இதைப் பறித்தவர்களில் ஏராளமானோர் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த கூலிகள். பருவத்துக்கு வருவார்கள், பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் மேஸ்திரி ஏற்பாடு மாதிரிதான். மேஸ்திரி ஸ்தானத்தில் இரண்டு சர்க்கார்கள்.

டேவிஸில் ஜாக் ஹன்னா என்ற பயிர் விஞ்ஞானி, தக்காளி பறிக்க யந்திரம் செய்ய முடியுமா என்று யோசித்தார். யந்திரம் செய்யலாம், ஆனால் தக்காளி தாங்காது, நசுங்கிவிடும். தவிர, செடியில் ஒன்று பழுத்திருக்கும், ஒன்று காயாக இருக்கும். கை பார்த்துப் பறிக்கும், யந்திரம் பார்க்காது. ஆகவே அவர் என்ன செய்தார் தெரியுமா? யந்திரத்துக்கு ஏற்ற தக்காளியை உண்டாக்கக் கிளம்பினார். தோல் கெட்டி, எல்லாக் காயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும், குலுக்கினால் காம்பை விட்டு உதிர வேண்டும். பல ஆண்டுகள் ஒட்டுச் சேர்த்து ஒட்டுச் சேர்த்து அப்படி ஒரு ரகத்தை எடுத்தார். கோபி லோரன்சன் என்ற விவசாய இஞ்சினீயர் அதே சர்வகலாசாலையில் யந்திரத்தை அமைத்தார். செடியைத் தரையோடு வெட்டி, மேலே தூக்கி, குலுக்கி, பழத்தை ஓடும் பட்டையில் கொட்டும் யந்திரம். பட்டைக்கு இரு பக்கமும் யந்திரத்தின் மேலேயே பெண்கள் நின்று காயையும் மண்கட்டியையும் பொறுக்கிப் போடுவார்கள்.

இந்த யந்திரத்தைச் செய்து விற்கும் உரிமை பக்கத்து ரியோ விஸ்டா ஊரில் இருந்த பிளாக்வெல்டர் கம்பெனிக்குப் போனது. ஆக விதை சர்வகலாசாலையில், யந்திரத்தின் வரைபடம் சர்வகலாசாலையில், செலவு பெரும்பாலும் ஜனங்கள் தலையில், விற்பனை கம்பெனியில். இதுவும் கூட்டுத்தான்.

1964 கடைசியில் மெக்சிகோ ஒப்பந்தக் கூலி முறை நின்றது. தோட்ட முதலாளிகள் அது வரையில் யந்திரத்தைத் தொட்டுப் பார்க்கவும் தயங்கிக் கொண்டிருந்தார்கள். 1964-இல் யந்திரம் அறுத்த தக்காளி நூற்றுக்கு 4 பங்குகூட இல்லை. 1968-இல் நூற்றுக்கு 95 பங்கு! நாலே பருவம். அடிமாட்டுக் கூலிக்கு ஆள் கிடைக்கும் வரையில் யந்திரம் கொட்டகையில் தூங்கியது; ஆள் சற்று விலை சொல்லக்கூடிய நிலை வந்தவுடன் யந்திரம் வயலுக்கு வந்தது. நம் டெல்டாவில் அறுப்பு மிஷின் எப்போது வந்தது, யார் கூலி கேட்டபோது வந்தது என்று வயதான தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கூலிக்காரர்களோடு இது நிற்கவில்லை. யந்திரம் விலை அதிகம். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் தக்காளி போடுகிறவன் அதை வாங்கி என்ன செய்வான்? 1960-களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேர் தக்காளி பயிரிட்டுக் கொண்டிருந்தார்கள். 1973-இல் சுமார் 600 பேர். உற்பத்தி குறையவில்லை, பெருகியது. பயிரிடுகிறவன்தான் குறைந்தான். 1970-களின் கடைசிக்குள் 32,000 வேலைகள் போயின என்று ஒரு கணக்கு. யந்திரத்தின் மேல் நின்று பொறுக்கிய பெண்கள்? 1970-களின் நடுவில் நிறத்தைப் பார்த்துத் தானே பிரிக்கும் எலெக்ட்ரானிக் கண் வந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் இறங்க வேண்டி வந்தது.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. யந்திரம் வராவிட்டால் தக்காளித் தொழிலே மெக்சிகோவுக்குப் போயிருக்கும், டப்பா பாக்டரியில் உள்ள வேலையும் சேர்ந்து போயிருக்கும் என்றார்கள். அதை அப்படியே தள்ளிவிட நான் தயாரில்லை. முதுகு வளைந்து வெயிலில் தக்காளி பறிப்பது சொர்க்க வேலையும் அல்ல. அந்த வேலை ஒழிவதில் எனக்கு வருத்தம் இல்லை. வேலையோடு சேர்த்து ஆளையும் ஒழித்ததுதான் கேள்வி.

இதைப் பொருளாதார நிபுணர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஷ்மிட்ஸ், செக்லர் என்று இரண்டு பேர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் தொழிற்சங்கக்காரர்கள் அல்ல. ஆராய்ச்சிக்குப் போட்ட பணத்துக்குச் சமூகத்துக்குக் கிடைத்த வருமானம் ஏறக்குறைய பத்து மடங்கு என்று கண்டார்கள். பிறகு இன்னொரு கணக்கும் போட்டார்கள். வேலை போன கூலிக்காரர்களுக்கு அவர்கள் இழந்த கூலியை நஷ்ட ஈடாகக் கொடுத்திருந்தால்? கொடுத்த பிறகும் லாபம் மிஞ்சியிருக்கும் என்று விடை வந்தது. அதாவது கொடுக்க முடியாமல் இல்லை. பணம் இருந்தது. கொடுக்கவில்லை. சங்கமாகத் திரண்டு கேட்கும் பலம் அந்தக் கூலிக்காரர்களுக்கு அன்று இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மில் தோழர்களுக்குச் சொல்கிறேன். வைண்டிங்கில் தானே முடிச்சுப் போடும் மிஷின் வந்தபோது ஒரு சைடுக்கு எத்தனை பேர் இருந்தோம், இப்போது எத்தனை பேர்? ஆட்குறைப்புப் பேச்சுவார்த்தையில் நாம் உட்கார்ந்தபோது மிஷின் ஏற்கெனவே ஷெட்டில் இறங்கியிருந்தது. காங்கிரீட் போட்டு போல்ட் முடுக்கிய பிறகு பேச்சுவார்த்தை. அந்த மிஷின் எந்த ஆராய்ச்சிக் கூடத்தில் என்றைக்குப் பிறந்தது என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்தப் பேச்சுவார்த்தையில் நானும் இருந்தேன், என் தவறும் அதில் உண்டு.

கலிபோர்னியாவில் கொஞ்சம் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 1979-இல் கிராமப்புறச் சட்ட உதவி வக்கீல்கள், சில விவசாயத் தொழிலாளர்களுக்காகவும் சிறு விவசாயிகளுக்காக வாதாடும் ஒரு சங்கத்துக்காகவும் சர்வகலாசாலை மேலேயே வழக்குப் போட்டார்கள். பிராது என்ன? வரிப் பணம் ஒரு சில பெரிய முதலாளிகளுக்கு ஆதாயமாகிறது. தொழிலாளி, சிறு விவசாயி, கிராமம், சாப்பிடுகிறவன் எல்லோருக்கும் பாதகமாகிறது. இப்படிப்பட்ட ஆராய்ச்சியை எடுக்கும்முன் அதன் விளைவை ஆராய வேண்டும் என்பது. சர்வகலாசாலை என்ன பதில் சொன்னது? எந்த ஆராய்ச்சியினால் யாருக்கு என்ன நேரும் என்று முன்கூட்டிப் பார்ப்பதென்றால் ஆராய்ச்சியே நடக்காது, இது ஆராய்ச்சி சுதந்திரத்தில் கைவைப்பது என்றது. இந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் முன்கூட்டிப் பார்க்க முடியாதென்று சொல்கிறவர்கள், யந்திரத்துக்குத் தகுந்த தக்காளியை முன்கூட்டிப் பார்த்தே பல வருஷம் வளர்த்திருக்கிறார்கள்!

வழக்கு எட்டு வருஷம் இழுத்தது. 1987-இல் நீதிபதி, 1887-ஆம் வருஷத்துச் சட்டப்படி சிறு குடும்ப விவசாயிகளின் நலனைக் கவனித்துப் பார்க்க சர்வகலாசாலை ஒரு முறையை ஏற்படுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். 1989-இல் மேல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. தோல்விதான். ஆனாலும் வழக்கு நடந்த பத்து வருஷமும் அந்த மாகாணத்தில் ஒரு பேச்சு நடந்தது: ஜனங்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியைப் பற்றி ஜனங்கள் கேள்வி கேட்கலாமா, கூடாதா என்று. அமெரிக்க விவசாய மந்திரியே, ஆளைக் குறைக்கும் யந்திர ஆராய்ச்சிக்கு மத்திய சர்க்கார் பணம் தருவது சரியல்ல என்று அந்தக் காலத்தில் வெளிப்படையாகப் பேச நேர்ந்தது.

ஸ்டான்போர்டிலும் மாணவர்கள் இதே மாதிரி கேட்டதுண்டு. வியட்நாம் யுத்தம் நடந்த சமயம். 1969 ஏப்ரலில் ரகசிய ராணுவ ஆராய்ச்சி நடந்த எலெக்ட்ரானிக்ஸ் கட்டிடத்தில் புகுந்து ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு சர்வகலாசாலை ரகசிய ஆராய்ச்சியை வளாகத்தில் நிறுத்துவதாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ராணுவ வேலை செய்து வந்த பெரிய ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்று 1970-இல் தனியாகப் பிரிந்தது. வேலை நிற்கவில்லை, வாசற்படி மாறியது. இருந்தாலும் ஒன்பது நாள் உட்கார்ந்த பையன்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1980-இல் அமெரிக்காவில் இன்னொரு சட்டம் வந்தது. சர்க்கார் பணத்தில் செய்த கண்டுபிடிப்பானாலும் அதன் பேட்டண்டைச் சர்வகலாசாலையே வைத்துக் கொள்ளலாம், அதை உபயோகிக்கும் உரிமையைக் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாம் என்று. கூகிள் தெரியுமல்லவா, உங்கள் செல்போனில் எதைத் தேடினாலும் வருகிறதே, அதன் அடிப்படைத் தந்திரம் ஸ்டான்போர்டில் இரண்டு மாணவர்கள் செய்த ஆராய்ச்சி. அதற்குச் சர்க்கார் ஆராய்ச்சி நிதியும் உதவியது. பேட்டண்டு சர்வகலாசாலைக்கு. அதற்குப் பதிலாகக் கிடைத்த பங்குகளை ஸ்டான்போர்டு 2005-இல் விற்று முடித்தபோது கைக்கு வந்தது 336 மில்லியன் டாலர், அதாவது 33 கோடி 60 லட்சம் டாலர். சர்வகலாசாலைக்கு வந்தது, கம்பெனிக்கு அதைப்போல் பல நூறு மடங்கு வந்தது. வரி கட்டியவனுக்கு? அவனுக்குத் தேடும் வசதி கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை.

இனி நம் ஸ்பின்னிங் தோழரின் கேள்விக்கு வருகிறேன். பையன் அந்த ஆராய்ச்சியில் சேரட்டும் என்றுதான் நேற்று அவரிடம் சொன்னேன். நம் பிள்ளைகள் போகாவிட்டால் வேறு வீட்டுப் பிள்ளைகள் போவார்கள். ஆனால் காலேஜுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பையனிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டிருக்கிறார். பையனுக்குத் தெரியவில்லை. வாத்தியாரைக் கேட்டானாம், அவருக்கும் தெரியவில்லை.

அது சர்க்கார் காலேஜ். 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். விண்ணப்பம் ஒன்று தயாராகிக் கொண்டிருக்கிறது. காலேஜ் நிலத்தில் எவ்வளவு கம்பெனிக்குப் போகிறது, எத்தனை வருஷத்துக்கு, என்ன வாடகை. கண்டுபிடிப்பின் பேட்டண்டு யார் பேரில். பையன்கள் செய்யும் வேலைக்குப் பணம் உண்டா. கழிவு நீர் எங்கே போகும். அங்கே செய்யப் போகும் யந்திரம் எந்தத் தொழிலுக்கு, அந்தத் தொழிலில் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று யாராவது பார்த்தார்களா. கடைசிக் கேள்விக்கு 'தகவல் இல்லை' என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். அந்தப் பதில் காகிதத்தில் வரட்டும்.

கட்டணம் பத்து ரூபாய். ஸ்பின்னிங் தோழரே தன் பேரில் போடுகிறேன் என்கிறார். பையன் அங்கே படிப்பதால் அது வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் யாராவது தன் பேரில் போட முன்வந்தால் நல்லது. வகுப்பு முடிந்ததும் என்னைப் பாருங்கள்.